ஆயிரத்து நூற்று நாற்பத்தாறாம் பில்லை

மைசூர் ராஜ்யம் அந்நிய நாடு என்று நான் சொன்னால் எங்கள் தாலுகா கச்சேரியில் சிரிக்கிறார்கள். குடியாத்தத்தில் காலையில் ரயிலேறினால் விளக்கு வைப்பதற்குள் போய்விடக்கூடிய இடம் எப்படி அந்நிய நாடாகும் என்று கேட்கிறார்கள். அங்கே ராஜா வேறு, போலீசாரின் உடுப்பு வேறு, பேச்சு வேறு, சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் அங்கே போக நேர்ந்ததற்குக் காரணம் என் வாய். இருபத்திரண்டு வருஷமாக நான் கச்சேரியில் ரிகார்டு கீப்பர். எங்கள் சேவகன் எல்லப்பனுக்கு அஞ்சலை என்று ஒரு தங்கை. அவள் புருஷன் முனுசாமி கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவன், முதல் வருஷம் ஆள் மூலம் சேதி அனுப்பினான். பிறகு இரண்டு வருஷமாகப் பேச்சு மூச்சு இல்லை. அவர்கள் சாதியில் புருஷன் செத்தால் பெண் மறுபடி கட்டிக்கொள்ளலாம். உயிரோடிருக்கிற புருஷன் ஒரு துரும்பைக் கிள்ளிக் கையில் கொடுத்துத் தீர்த்துவிட்டாலும் கட்டிக்கொள்ளலாம். இருக்கிறானா இல்லையா என்றே தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பெண்டாட்டியை இழந்த கோவிந்தன் என்கிற குடியானவன் அஞ்சலைக்காக இரண்டு தை மாதம் காத்துவிட்டான், மூன்றாவது தைக்குக் காக்க முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தான். ஊர்ப் பெரியதனக்காரர் தீர்ப்பு இது: கம்பெனி முத்திரை போட்ட காகிதம் ஒன்று வரவேண்டும், செத்தான் என்றாலும் சரி, தீர்த்தான் என்றாலும் சரி.

இதை எல்லப்பன் ரிகார்டு அறையில் சொல்லி மூக்கைச் சிந்தினான். "வெள்ளைக்காரன் கம்பெனியில் ஓர் ஆணி காணாமல் போனாலும் எழுதி வைத்திருப்பான். ஓர் ஆளையா எழுதாமல் விடுவான்? நான் போனால் ஒரே நாளில் எடுத்துவிடுவேன்" என்றேன். அப்போது அறையில் நாலு குமாஸ்தாக்கள் இருந்தார்கள். தனியாகச் சொல்லியிருந்தால் இந்தப் பயணமே இல்லை.

திங்கட்கிழமை புறப்பட்டோம். ஜோலார்பேட்டையில் பிளேக் பரிசோதனை. எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தி, ஒரு டாக்டர் அக்குளைத் தொட்டுப் பார்த்து, நோய் இல்லை என்று சீட்டுக் கொடுக்கிறார். எனக்குக் கொடுத்த சீட்டில் "ராமலிங்க ஆசாரி, தச்சர்" என்று இருந்தது. நான் ராமலிங்கமும் இல்லை, ஆசாரியும் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். சீட்டு எழுதுகிறவர் தலை நிமிராமல், "நோய் இல்லைன்னு போட்டிருக்குதில்ல? அப்புறம் இன்னா?" என்றார். திருத்திக் கொடுக்கும்வரை நகர மாட்டேன் என்று நின்றேன். திருத்திக் கொடுத்தார். அதற்குள் வண்டி போய்விட்டது.

அடுத்த வண்டிக்கு நாலு மணி நேரம். எல்லப்பன் மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு, "ஆசாரியாவே போயிருக்கலாம் சாமி, இன்னேரம் போய்ச் சேந்திருப்போம்" என்றான். அஞ்சலை மடியில் ஒரு துணி முடிச்சை வைத்துக்கொண்டிருந்தாள். அதில் பொரிவிளங்காய் உருண்டை இருக்கிறதென்றும், அது முனுசாமிக்குப் பிடித்த தின்பண்டம் என்றும் எல்லப்பன் சொன்னான். இருக்கிறானோ இல்லையோ தெரியாத ஆளுக்கு எத்தனை உருண்டை பிடித்தாய் என்று கேட்டேன். "பதினொண்ணு" என்றாள்.

அன்று மாலை சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் இறங்கினோம். அங்கே நாலைந்து கம்பெனிகள் அடுத்தடுத்துச் சுரங்கம் வெட்டுகின்றன. நாங்கள் போனது எந்தக் கம்பெனிக்கு என்று நான் எழுதப் போவதில்லை, காரணம் போகப் போகத் தெரியும். முதலில் காதில் படுவது சத்தம். தங்கக் கல்லை இடிக்கிற யந்திரங்கள் இரவும் பகலும் நிற்பதில்லை. அரைத்துத் தீர்ந்த மண்ணை வெள்ளை வெள்ளையாக மலைபோலக் குவித்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் மலை தானாக நிற்கிறது. இங்கே அதையும் செய்கிறார்கள்.

அண்ணனும் தங்கையும் ஸ்கெலட்டன் லைன் என்கிற கூலிக் குடியிருப்பில், பக்கத்துக் கம்பெனிக்குப் புதிதாக வந்த ஊர்க்காரர் ஒருவரின் தகரக் குடிசையில் தங்கினார்கள். நான் ஆண்டர்சன்பேட்டையில் ஓர் அரிசிக் கடையின் பின்கட்டில் தங்கினேன். எதிர் ஓட்டலில் இலை போட்டார்கள். சாம்பாரை வாயில் வைத்ததும் தப்பாகப் பாயசத்தை ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்துப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டேன். அவர் முகர்ந்து பார்த்து, "சரியாத்தான் இருக்குது. வெல்லம் வேணும்னா இன்னும் கொஞ்சம் போடச் சொல்லவா?" என்றார்.

செவ்வாய்க்கிழமை கம்பெனியின் டைம் ஆபீசுக்குப் போனேன். ஆட்களின் வருகைப் புத்தகம் அங்கேதான். குமாஸ்தா ஞானமுத்து என்பவர், சர்ச்சுக்குப் போவது போலக் கஞ்சி போட்ட கோட்டு மாட்டியிருந்தார், வயதில் என்னைவிட இரண்டொன்று குறைவு. நான் ரிகார்டு கீப்பர் என்று சொன்னதும் எழுந்து நின்றார். "வாங்க மொதலியாரே. இந்த ரூமைப் பாக்கணும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல" என்றார்.

அந்த அறையைப் பற்றிப் பொறாமை இல்லாமல் எழுத என்னால் ஆகாது. இரும்புத் தட்டுகள். சிவப்புத் தோல் போட்ட புத்தகங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் வருஷம், மாதம், சுரங்க வாயின் பெயர். கரையான் இல்லை. எங்கள் அறையில் கரையான் தின்றது போக மிச்சத்தைத்தான் நான் வரிசைப்படுத்துகிறேன். சோதிப்பதற்காக ஏதோ ஒரு மாதத்தைச் சொன்னேன், நான் மூக்குக் கண்ணாடியை மாட்டுவதற்குள் அவர் புத்தகத்தை எடுத்துவிட்டார். இரண்டு பேருமே கொஞ்ச நேரம் வந்த காரியத்தை மறந்துவிட்டோம்.

இங்கே ஆட்களுக்கு நம்பர் உண்டு. நம்பர் வெட்டிய பித்தளைப் பில்லை ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். இறங்கும்போது அதைக் காட்ட, புத்தகத்தில் புள்ளி வைக்கிறார்கள். ஏறும்போது மறுபடி நம்பரையும் பேரையும் கூப்பிட, இன்னொரு புள்ளி. ஞானமுத்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு. முனுசாமி. குடியாத்தம் தாலுகா. வலது புருவத்தில வெட்டுத் தழும்பு. இவருதானே? நேத்துகூட இறங்கியிருக்காரு."

நான் பின்னோக்கிப் புரட்டினேன். முதல் வருஷத்தில் முனுசாமி வாரத்துக்கு ஒரு நாளாவது மட்டம் போட்டிருக்கிறான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடியிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. ஆள் திருந்திவிட்டான் என்று எனக்குத் திருப்தி. பெண்டாட்டிக்குச் சேதி அனுப்பாதது மட்டும்தான் குறை. பக்கத்தில் விபத்துப் புத்தகம் இருந்தது. கையெழுத்து அழகாக இருந்ததால் அதையும் புரட்டி, அதே ஆடியில் ஒரு பதிவை மாதிரிக்காக டயரியில் எடுத்துக்கொண்டேன்: "1152, பச்சையப்பன், பாறை வெடித்து விழுந்து மரணம், டாக்டர் சர்டிபிகேட் இணைப்பு, சொந்தக்காரருக்குக் கடிதம் அனுப்பப்பட்டது." ஒரு மனிதனின் முடிவை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது என்று அப்போது நினைத்தேன்.

லைனுக்குப் போய்ச் சொன்னேன். எல்லப்பன் வேட்டியை மடித்துக் கட்டினான். "உசுரோட கீறானா? நாளைக்கு இருக்குது அவனுக்கு" என்றான். அஞ்சலையின் முகத்தில் இருந்தது சந்தோஷமா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு போனவள் தண்ணீர் இல்லாமலே திரும்பி வந்தாள்.

புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு ஷிப்டு முடிகிற சங்கு ஊதியது. சுரங்க வாய்க்கு வெளியே, கம்பி வேலி ஓரம் நின்றோம். கேஜ் என்கிற இரும்புக் கூண்டு ஆட்களை அடைத்துக்கொண்டு மேலே வரும். வந்தவர்களைத் தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று தலைமயிர் வரை தடவிப் பார்த்துவிட்டு வெளியே விடுகிறார்கள். எல்லோரும் ஒரே மண் நிறத்தில் இருந்தார்கள். ஞானமுத்து வாசலில் நின்று கூப்பிட்டார்.

"ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு, முனுசாமி."

"கீறேங்க" என்று ஓர் ஆள் முன்னால் வந்தான்.

அஞ்சலை அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "இவரு இல்ல" என்றாள்.

"நல்லாப் பாரு. மண்ணு அப்பிக்கினு இருக்குது" என்றான் எல்லப்பன்.

"மண்ணு அப்பினா ஆளு குள்ளமாயிடுவாங்களா?"

நான் வலது புருவத்தைப் பார்த்தேன். தழும்பு இல்லை. ஞானமுத்துவைப் பார்த்தேன். அவர் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

அந்த ஆள் எங்களை லைனுக்குப் பின்னால், வெள்ளை மண்மேட்டின் நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு அஞ்சலையைப் பார்த்து, "அண்ணி, நான் பச்சையப்பன்" என்றான். அந்தப் பெயரை முந்தின நாள்தான் அழகான கையெழுத்தில் படித்திருந்தேன்.

ஷிப்டுக்கு வர முடியாதவன் தன் பில்லையை வேறு ஷிப்டு சினேகிதனிடம் கொடுப்பது இங்கே எல்லோரும் செய்வது. நம்பர் இறங்கினால் போதும், மட்டம் என்று புத்தகத்தில் விழாது. இது மேஸ்திரிகளுக்குத் தெரியும், புள்ளி வைக்கிறவர்களுக்குத் தெரியும், துரைமாருக்கு மட்டும் தெரியாது என்று பச்சையப்பன் சொன்னான்.

"ஆடி வெள்ளிங்க. மாரியாத்தாளுக்குத் தீ மிதிக்கறதா வேண்டிக்கினு இருந்தேன். அந்த வாரம் எனக்குப் பகல் ஷிப்டு. முனுசாமி அண்ணனுக்கு ராத்திரி. 'நீ போய் மிதிச்சுட்டு வாடா, நான் எறங்கறேன்'னு எம் பில்லையை வாங்கிக்கினு, அவரு பில்லையை எங்கிட்ட குடுத்தாரு. நான் தீ மிதிச்சு முடிச்சுட்டு வர்றேன், பச்சையப்பன் செத்துட்டான்னு லைன்ல அழுதுக்கினு இருக்காங்க. முகம் தெரியலைங்க. பில்லையைப் பாத்து எழுதிக்கினாங்க."

"நீ போய்ச் சொல்றதுதானே?" என்றான் எல்லப்பன்.

"சொன்னா பில்லை மாத்தினதுக்கு ரெண்டு பேரையும் வேலையைவிட்டு எடுத்துடுவாங்க. செத்தவரை எடுத்தா பரவாயில்ல. நான் எங்க போறது? லைன்ல யாரும் காட்டிக் குடுக்கல. ராத்திரி சங்கு ஊதிச்சு. கையில இருந்தது அவரு பில்லை. எறங்கிட்டேன்."

அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் இறங்கியிருக்கிறான். நான் மெச்சிய ஒழுங்கு இவனுடையது.

ஊரில் இவன் கூடப்பிறந்த அண்ணனுக்குக் கம்பெனிக் கடிதம் போய், அவர் காரியம் செய்து, இவன் பங்கு நிலத்தையும் சேர்த்து உழுதுகொண்டிருக்கிறார். "எனக்குத் தெவசம்கூட குடுக்கறாருங்க. நல்ல மனுசன். இப்ப நான் போய் நின்னா இன்னா பண்ணுவாரு?"

அஞ்சலை ஓர் அடி முன்னால் வந்தாள். "எனக்கு ஏன்யா சொல்லி அனுப்பல?" என்றாள்.

"மூணு தபா கௌம்பினேன், அண்ணி. ஜோலார்பேட்டை வரைக்கும் வந்துட்டு வந்துட்டுத் திரும்பிட்டேன்."

எல்லப்பன் சண்டைக்கென்று மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டான். அடிக்க ஆளில்லை.

நான் நேராக டைம் ஆபீசுக்குப் போனேன். பதிவைத் திருத்த வேண்டும், முனுசாமி இறந்தான் என்று ஒரு காகிதம் வேண்டும் என்றேன். ஞானமுத்து கதவைச் சாத்தினார்.

"மொதலியாரே, நீங்களே இந்தத் தொழில்ல இருக்கறவரு. டாக்டர் சர்டிபிகேட் பச்சையப்பன் பேருக்கு. விசாரணை நடந்து கையெழுத்து ஆயிருக்குது. லெட்டர் போயிருக்குது. இப்ப நான் முனுசாமியைச் சாகடிச்சா, இத்தனை நாளா முனுசாமின்னு புள்ளி வெச்சது யாருக்குன்னு கேப்பாங்க. வெச்சது நான்."

"புருவத்தில் தழும்பு இல்லையே, அதையாவது பார்த்திருக்க வேண்டாமா?"

"ஆறிப்போச்சுன்னு நெனச்சுக்கினேன்."

அவர் இடத்தில் நானிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன் என்று தோன்றியது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கரையான் இல்லாத, மை சிந்தாத, ஒரு நாள் விடாத புத்தகம். அதில் செத்தவன் வேலை செய்கிறான், வேலை செய்கிறவன் செத்திருக்கிறான். எங்கள் ஊர்க் கரையான் பொய்யையும் நிஜத்தையும் சேர்த்துத்தான் தின்னும்.

திரும்பி வந்து மூன்று பேரிடமும் சொன்னேன். முத்திரை இல்லாமல்தான் ஊருக்குப் போகவேண்டும், தை பிறந்தால் கோவிந்தன் வேறு பெண் பார்ப்பான். எல்லப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். அஞ்சலை கேட்டாள்.

"சாமி, பொஸ்தகத்துல இவருதானே முனுசாமி?"

"ஆமாம்."

"உசுரோட கீறதா எழுதியிருக்குது?"

"எழுதியிருக்கிறது."

"அப்ப இவரே எனக்குத் துரும்பு கிள்ளிக் குடுக்கட்டும். அதுக்கு முத்திரை போடுவாங்க இல்ல?"

பச்சையப்பன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். "நான் எப்படிங்க அண்ணி..."

"ரெண்டு வருசமா அவரு பேருல சோறு துண்ணல? ஒரு நாளு அவரு பேருல எனக்கு ஒண்ணு செய்யி."

அன்று ஓட்டலில் சாம்பாரின் இனிப்பு எனக்குத் தெரியவே இல்லை. பொய்ப் பத்திரம் ஒன்று எழுதப் போகிறேன். ஜோலார்பேட்டையில் நான் ஆசாரி இல்லை என்று நாலு மணி நேரத்தைத் தொலைத்தவன் நான். உண்மையை எழுதினால் பச்சையப்பனுக்கு வேலை போகும், ஞானமுத்துவுக்கும் போகும், அஞ்சலை வெறுங்கையோடு போவாள். பொய்யை எழுதினால் மூன்று பேரும் பிழைப்பார்கள். எப்படிக் கூட்டினாலும் கணக்கு ஒரே பக்கம்தான் சாய்ந்தது. என் எரிச்சல் அதனால் குறையவில்லை.

வியாழக்கிழமை காலை டைம் ஆபீசில் எழுதினேன். "குடியாத்தம் தாலுகா முனுசாமி ஆகிய நான், என் சம்சாரம் அஞ்சலையை மனப்பூர்வமாகத் தீர்த்துவிட்டேன். அவள் இஷ்டப்படி கலியாணம் செய்துகொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை." கையெழுத்து வழக்கத்தைவிட நன்றாகவே அமைந்தது. ஞானமுத்து புத்தகத்தைத் திறந்து, ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு இன்று ஆஜர் என்று சரிபார்த்துக்கொண்டு, "நடைமுறையில தடை ஒண்ணும் இல்ல" என்று முத்திரையைக் குத்தினார். பச்சையப்பன் கையெழுத்துக்குப் பதில் கீறல் வைத்தான். வாசலில் கிடந்த காய்ந்த புல் ஒன்றை எடுத்துக் கிள்ளினான். அது கீழே விழுந்தது. இன்னொன்று எடுத்துக் கிள்ளிக் கொடுத்தான். அஞ்சலை முந்தானையில் வாங்கி முடிந்துகொண்டாள்.

"இப்ப எங்கன்னு காட்டு" என்றாள்.

புதைக்கிற இடம் பேட்டைக்கு வெளியே, கள்ளிச் செடிகளுக்கு நடுவே இருந்தது. மேடுகளில் நம்பர் அடித்த தகரத் துண்டுகள். ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு என்ற மேட்டில் மட்டும் புல் இல்லை, யாரோ செதுக்கி வைத்திருந்தார்கள். யார் என்று கேட்கவில்லை. பச்சையப்பன் தன் நம்பரைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு நின்றான். அஞ்சலை துணி முடிச்சை அவிழ்த்துப் பத்து உருண்டைகளை மேட்டில் வைத்தாள். பதினொன்றாவதைப் பச்சையப்பன் கையில் கொடுத்தாள். அவன் அதைத் தின்பதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவள் உட்கார்ந்து, கையை ஒரு கல்லின் மேல் ஓங்கினாள். எல்லப்பன் பாய்ந்து பிடித்தான்.

"வளையலை ஒடைக்காதே. தீத்துவுட்டவ வளையலு ஒடைக்கக் கூடாது. ஊர்ல கேட்டா இன்னா சொல்லுவே? காகிதத்துல அவரு உசுரோட கீறாரு."

அவள் கை அவன் பிடியில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு தானாகத் தளர்ந்தது.

வெள்ளிக்கிழமை திரும்பினோம். ஜோலார்பேட்டையில் மறுபடி அக்குள், மறுபடி சீட்டு. இந்தத் தடவை என் சீட்டில் யாரோ ஒரு வெற்றிலை வியாபாரியின் பெயர். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைப் பிடித்தேன். எல்லப்பன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

வாணியம்பாடி தாண்டியதும் அஞ்சலை மடியிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினாள்.

"பின்பக்கம் காலியாத்தானே இருக்குது சாமி? அதுல நடந்ததை எழுதிக் குடுங்க."

"எழுதினால் பத்திரம் கெட்டுவிடும். யாராவது படித்தால்?"

"எங்க ஊர்ல யாரு படிக்கறாங்க?"

"உன்னாலும் படிக்க முடியாதே."

"எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியும் இல்ல?"

நான் பென்சிலை எடுத்தேன். அழிந்துவிடாதா என்று கேட்டாள். அழியும், கச்சேரி விதிப்படி பென்சில் எழுத்து எழுத்தே இல்லை என்றேன். "அப்ப மையில எழுதுங்க." மை மறுபக்கம் ஊறும் என்றேன். "ஊறட்டும்" என்றாள்.

ஆம்பூரில் வண்டி நிற்கும்வரை காத்திருந்து மைக்கூட்டைத் திறந்தேன். எந்தச் சுரங்க வாய், எந்த வேலை, யாருக்குப் பதிலாக இறங்கினான், யார் பில்லை இடுப்பில் இருந்தது, எந்த மேட்டில் கிடக்கிறான், எல்லாவற்றையும் எழுதினேன். வண்டி நின்ற நேரத்தில் எழுதியதால் எழுத்து ஒழுங்காகவே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்தில் பெரியதனக்காரர் காகிதத்தை வாங்கினார். எழுத்து அவருக்குத் தெரியாது. முத்திரை எங்கே என்று கேட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தை வெகுநேரம், வரி வரியாக விரலை ஓட்டிப் பார்த்தார். எல்லப்பன் என் பின்னால் வந்து நின்றான்.

"ரெண்டு பக்கமும் விடாம எழுதியிருக்கான். கம்பெனின்னா கம்பெனிதான்" என்றார் பெரியதனக்காரர். எல்லாம் சரியாக இருக்கிறது என்று காகிதத்தை அஞ்சலையிடமே கொடுத்தார். அவள் பின்பக்கம் உள்ளே போகும்படி அதை மடித்துக்கொண்டாள்.